மலைநாட்டு நத்தார் பிஸ்கட்டுக்கு மலைநாட்டு அளவு வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்ததும் உங்கள் வாரவெளியீட்டில் நத்தார் பலகாரக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். அவற்றை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைப்பவர்களில் நானும் ஒருத்தி. ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூர்ந்தே வாசிப்பேன். போன நத்தாருக்கு முன் வந்த ‘கிறிஸ்மஸ் குக்கீஸ்’ குறிப்பைப் பற்றியும், இனி அந்த இடத்தில் நீங்கள் போட வேண்டியதைப் பற்றியும் எழுதவே இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பில் பட்டர் ‘அறை வெப்பநிலையில்’ இருக்க வேண்டும் என்று இருந்தது. மேப்பிள் சிரப் கால் கப் கேட்டது. ‘அவன்’ அடுப்பை 350 பாகைக்குச் சூடேற்றச் சொன்னது. எந்தப் பாகை என்று இல்லை. படம் மட்டும் மிக அழகாக இருந்தது. வெள்ளையும் நீலமுமாகப் பனித்துகள் கோலம் போட்ட பிஸ்கட்டுகள்.

என் வீட்டுக்குக் கீழ்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள், அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு மாவு குழைத்தாள். மேப்பிள் சிரப்பை ஹட்டன் கடைவீதி முழுக்கத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. சீனிப்பாகு காய்ச்சி ஊற்றினாள். அவர்கள் வீட்டுச் சின்ன மின்சார அவனின் குமிழ் 250-இல் நின்றுவிடும். “டீச்சர், 350 எங்க இருக்கு?” என்று என்னிடம் ஓடிவந்தபோது தட்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, முழுச் சூட்டில். நட்சத்திரமாக வெட்டிவைத்தவை ஒன்றோடொன்று ஓடி ஒட்டி, அடி கருகி, நடுவில் பச்சை மாவாக வந்தன. அந்தப் பட்டரும் முட்டையும் அவளுடைய அம்மா மலையில் கொழுந்தெடுத்து வாங்கிய காசு. அந்தப் பிள்ளை அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். எனக்குத்தான் மனது ஆறவில்லை.

350 என்பது பரன்ஹைட் கணக்கு. நம் வீட்டு அவன்களில் இருக்கும் செல்சியஸ் கணக்கில் அது 175-க்குச் சற்று மேலே. எங்கோ வெளிநாட்டில் எழுதிய குறிப்பை அப்படியே தமிழில் போட்டால் இப்படித்தான் ஆகும். பாகையைத் திருத்திப் போட்டாலும் பிரச்சினை தீராது. ஏனென்றால் மலைநாட்டுச் சமையலறை வேறு.

‘அறை வெப்பநிலை’ என்று எழுதுகிறவர் எந்த அறையில் இருக்கிறார்? கொழும்பில் பட்டரை மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இளகி எண்ணெய் விடத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் மார்கழி மாதம் காலையில் எடுத்த பட்டரில் கத்தி இறங்காது. கொழும்பில் பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய வடிவம் நிற்காது. எங்களுக்கு அது வேண்டியதே இல்லை. மாவை ஈரத்துணியால் மூடிச் சன்னலோரம் வைத்தால் போதும், அரை மணித்தியாலத்தில் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். வெட்டி எடுக்கிற பிஸ்கட்டுக்கு இலங்கையிலேயே தோதான காலநிலை நம்முடையது. இதை எந்தக் குறிப்பிலும் நான் வாசித்ததில்லை.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவது நமக்கெல்லாம் தெரியும். அதே காரணம் பிஸ்கட்டிலும் வேலை செய்கிறது. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு கூடுதலாக விரியும். மாவிலுள்ள ஈரம் சீக்கிரம் பறக்கும். மிஞ்சுகிற சீனிப்பாகு தடித்து பிஸ்கட்டைப் பரப்பிவிடும். கடற்கரை ஊருக்கு எழுதிய அளவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றால் நுவரெலியாவில் முக்கால் போதும். சீனியிலும் ஒரு கரண்டியைக் குறைக்கலாம். வடிவம் கூர்மையாக நிற்க வேண்டிய பிஸ்கட்டுக்குப் பேக்கிங் பவுடரே வேண்டாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது பிறகு. முதலில் பார்த்தது என் அப்பாவிடம்.

அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாக் குசினியில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் எல்லாரும் ‘பங்களா அப்பு’ என்றே கூப்பிட்டார்கள். இந்த மலைகளுக்குத் தேயிலை போட வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் நிறையப் பேர். 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் முதன்முதல் வர்த்தக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. ஹோலிரூட், பல்மோரல், கிளாஸ்கோ, எடின்பரோ என்று தோட்டங்களின் பெயரைப் பார்த்தாலே புரியும். அவர்கள் ஊரில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் ஷோர்ட்பிரெட் என்கிற பட்டர் பிஸ்கட் இல்லாமல் நடக்காது. அந்த ஷோர்ட்பிரெட்டை இங்கே சுட்டது யார்? துரைசாணி சுடவில்லை. துரைசாணி புத்தகத்தை வாசித்துச் சொல்லுவார். நின்று கேட்டு, மனதில் வாங்கி, மாவு பிசைந்து, விறகு அடுப்பின் சூட்டை அடக்கிச் சுட்டெடுத்தவர்கள் தமிழ் ஆட்கள். லயத்தில் பிறந்து, பங்களாவுக்குச் சின்ன வயதில் கோப்பை கழுவப் போய், குசினியில் நின்றே படித்தவர்கள்.

அந்த அடுப்புக்குக் குமிழும் கிடையாது, பாகையும் கிடையாது. கறுத்த இரும்பு அடுப்பு; ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் கதவு வைத்த பெட்டி. பண்டிகைச் சூட்டுக்கு அப்பா மிலாறு வைக்க மாட்டார். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி; அது சட்டென்று பிடித்துச் சட்டென்று தணிந்துவிடும், அது தேத்தண்ணி கொதிக்க வைக்கத்தான் சரி என்பார். தடித்த கட்டையை எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலின் சூட்டில்தான் பிஸ்கட். பெட்டிக்குள் ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியைப் போட்டுக் கதவைச் சாத்துவார். மனதுக்குள் எண்ணிவிட்டுத் திறந்து பார்ப்பார். கடதாசி கறுத்திருந்தால் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். வெள்ளையாகவே இருந்தால் இன்னும் தணல் தள்ளுவார். பால் கூடின தேத்தண்ணி போல நிறம் வந்தால் ஷோர்ட்பிரெட் தட்டு உள்ளே போகும். “அடுப்பு கூப்புடும் பாப்பா, நம்ம அவசரத்துக்கு அது எரியாது” என்பார். இன்றைக்கு அவனில் வெப்பமானி வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கடதாசி நிறம் 160-க்கும் 170-க்கும் இடையில் வருகிறது.

வெட்டுகிற அச்சுகளை அவர் கடையில் வாங்கவில்லை. அப்போது தேயிலை மரப்பெட்டியில் போகும். பெட்டியின் ஓரங்களில் தகரப் பட்டி அடித்திருக்கும். தொழிற்சாலையில் மிஞ்சிய பட்டியைத் துண்டாக்கி, கூர்முனையை மடித்துத் தட்டி, நட்சத்திரம், மணி, இலை என்று வளைத்துக் கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஒருவர். அவற்றில் ஒன்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்து வடிவம். துரைசாணிக்கு அது மிகவும் பிடித்துப்போய் விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினாராம். அந்த அச்சு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் துரு ஏறியதால் மாவில் வைப்பதில்லை. அதை வைத்து அட்டையில் வெட்டிய வடிவத்தை மாவின் மேல் போட்டு, கத்தியால் சுற்றி எடுக்கிறேன்.

1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் போய்விட்டார்கள். அதற்கு முன்பே, 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கப்பலில் பங்களா அப்புமாரும் போனார்கள். நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய வீடுகளில் இந்தப் பிஸ்கட்டின் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். இங்கே நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டிக்கோயாவில் 1878-இல் கட்டிய வார்லி தேவாலயத்தின் முற்றத்துக் கல்லறைகளில் துரைமார் பெயர்களை இன்றும் வாசிக்கலாம். அவர்களுக்கு நத்தார் விருந்து சமைத்துப் போட்டவர்களின் பெயர் ஒரு சமையல் கொப்பியில்கூட இல்லை. பழைய பங்களாக்கள் பல இப்போது சுற்றுலா விடுதிகள். தேத்தண்ணியோடு ஷோர்ட்பிரெட் வைக்கும்போது அது துரைமார் காலத்து வழக்கம் என்று விருந்தாளிகளுக்குச் சொல்கிறார்கள். சுட்டவர்கள் காலத்து வழக்கமும் அதுதானே?

இனி அளவுக்கு வருகிறேன். குறை சொல்லிவிட்டுக் கையைக் கழுவ எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் பட்டர் பிஸ்கட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நினைவில் வைத்தால் போதும். சீனி 100 கிராம், பட்டர் 200 கிராம், மா 300 கிராம். அந்த 300-இல் 250 கோதுமை மா, 50 வறுக்காத வெள்ளை அரிசி மா. அரிசி மா சேர்ப்பது ஸ்கொட்லாந்துக்காரரின் பழைய வழக்கம். துரைசாணியின் புத்தகத்திலும் அப்படியே இருந்ததாம். நம் கடைகளில் கிடைக்கும் கோதுமை மா ரொட்டிக்கும் பாணுக்கும் தோதாகக் கொஞ்சம் இழுவை உள்ளது. அரிசி மா அந்த இழுவையை உடைத்து, பிஸ்கட்டை வாயில் பொரபொரவென்று உதிர வைக்கும். ஒரு சிட்டிகை உப்பு. முட்டை வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம்.

பட்டர் கல்லாக இருந்தால் அடுப்பில் வைத்து உருக்காதீர்கள். உருகிய பட்டரில் பிசைந்தால் எண்ணெய் பிரிந்து தட்டில் ஓடும். கைபொறுக்கிற வெந்நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேல் பட்டர்க் கிண்ணத்தை வைத்துக் கரண்டியால் திருப்பிக் கொடுத்தால், விரல் அமிழ்கிற பதம் வந்துவிடும். உடனே இறக்கிச் சீனியோடு அடியுங்கள். மாவைச் சேர்த்த பிறகு ரொட்டிக்குப் பிசைவதைப் போல அழுத்திப் பிசையக் கூடாது. ஒன்று சேர்ந்தால் போதும். அரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, வெட்டி, 160 பாகை செல்சியஸில் பதினைந்து நிமிடம் அளவு; ஓரம் மட்டும் பொன்னிறம் காட்டினால் எடுத்துவிடலாம். சூட்டோடு தொட்டால் மெதுவாக இருக்கும், ஆறினால் இறுகிவிடும். இன்னும் வேகவில்லை என்று நினைத்து உள்ளே தள்ளிக் கருக்குகிறவர்கள்தான் அதிகம்.

இஞ்சி பிஸ்கட்டில் அப்பாவின் கை நன்றாகத் தெரியும். ஆங்கிலேயர் அதற்குக் கறுத்த சீனிப்பாகு ஊற்றுவார்கள். அது கப்பலில் வர வேண்டும். அப்பா கித்துள் பாணியை ஊற்றினார். கோதுமை மா 250 கிராம், பட்டர் 100 கிராம், சிவப்புச் சீனி 80 கிராம், கித்துள் பாணி 80 மில்லிலீற்றர், வேர்க்கொம்புத் தூள் இரண்டு தேக்கரண்டி, கறுவாத் தூள் ஒன்று, கராம்பு நாலைந்து இடித்தது, சாதிக்காய் கொஞ்சம் துருவியது, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இதிலும் முட்டை இல்லை. பாணியையும் பட்டரையும் மட்டும் இலேசாகச் சூடாக்கிக் கலக்கலாம், ஏனென்றால் இந்த மாவு ஆறிய பிறகே வெட்டுவோம். 170 பாகையில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். பாணி நல்ல பாணியாக இருக்க வேண்டும். சீனி கலந்த பாணியில் நிறம் வரும், அந்தப் புகை வாசம் வராது.

இந்தச் சரக்கு வாசத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலப் பிஸ்கட் என்றால் கறுவா, கராம்பு, இஞ்சி, சாதிக்காய்தான். ஜேர்மனியில் நியூரம்பேர்க் நகரத்து லேப்குகன், நெதர்லாந்தில் டிசம்பர் 6-ஆம் திகதி புனித நிக்கலஸ் திருநாளை ஒட்டி மர அச்சில் அழுத்திச் சுடும் ஸ்பெக்குலாஸ், ஜேர்மன் வீடுகளில் பாதாம் தூளும் கறுவாவும் சேர்த்துச் செய்யும் நட்சத்திரங்கள், எல்லாவற்றிலும் அதே வாசம். அந்தச் சரக்குகள் கீழைத்தேசத்திலிருந்து கப்பலேறிப் போனவை. யானை விலை, குதிரை விலை. ஆகவே பெருநாளுக்கென்று எடுத்துவைத்துப் பாவித்தார்கள். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தருக்குக் கறுவாதான் பெரிய வியாபாரம். கறுவா நம் மலையில் விளைவதில்லை, காலி, மாத்தறைப் பக்கம். ஆனால் கராம்பும் சாதிக்காயும் கண்டி, மாத்தளையில் வீட்டுத் தோட்டத்திலேயே காய்க்கின்றன. ஏலக்காய்க்கு நக்கிள்ஸ் மலை இருக்கிறது. ‘இலங்கைக் கறுவா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. இத்தனை சரக்கும் கைக்கெட்டும் தூரத்தில் விளையும்போது, பிள்ளைகளை ஏன் மேப்பிள் சிரப் தேடி அலையவிட வேண்டும்? கறுவா வாங்கும்போது மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டதைப் பார்த்து வாங்குங்கள். தடித்த ஒற்றைப் பட்டையாக இருப்பது வேறு மரத்தினுடையது.

‘அவன்’ அடுப்பு இல்லாத வீடுகளே தோட்டங்களில் அதிகம். அவர்களையும் குறிப்பு எழுதுகிறவர்கள் நினைக்க வேண்டும். அடி கனமான பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, நடுவில் ஒரு சின்ன முக்காலி அல்லது தகர வளையம் வைத்து, மூடிக் கால் மணித்தியாலம் சூடாக்கி, பிஸ்கட் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூட வேண்டும். மேல்சூட்டுக்கு மூடியின் மேல் தணல். அந்தக் காலத்தில் அப்பம் சுட்டதும் மேலும் கீழும் தணல் வைத்துத்தான். நிறம் கொஞ்சம் குறையும், ருசி குறையாது. ஒரு தடவைக்கு ஏழெட்டுத்தான் வரும், பொறுமை வேண்டும். தணலைப் பாவிக்கிறபோது கதவையும் சன்னலையும் கட்டாயம் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து பூட்டிய அறைக்குள் தணல் வைப்பது உயிராபத்து. அந்த நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எந்தக் குறிப்போடும் இந்த வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அலங்காரத்தில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையைச் சொல்லி முடியாது. என் வீட்டு மேசையில் நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் கீழ்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். பாலன் குடிலுக்குப் பாசி பொறுக்கப் போனவர்கள் ஈரக் கையோடு வந்து நிற்பார்கள், கையைத் துடைக்க வைத்துத்தான் உட்கார்த்துவேன். வழக்கமாகப் பிஸ்கட்டின் மேல் பூசும் ஐசிங்கை முட்டை வெள்ளைக்கருவில் அடிப்பார்கள். பச்சை முட்டை சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதில்லை, ஆகையால் நான் ஐசிங் சீனியில் தேசிக்காய்ச் சாறும் சூடான தண்ணீரும் துளித்துளியாக விட்டுக் குழைக்கிறேன். ஓரம் கட்டுவதற்குக் கெட்டியாக. கரண்டியைத் தூக்கினால் விழுந்த கோடு கலையாமல் நிற்க வேண்டும். உள்ளே நிரப்புவதற்கு இன்னும் சில துளி விட்டு இளக்க வேண்டும். விழுந்த கோடு தானாகப் பரவி மறைய வேண்டும். முதலில் ஓரத்தைக் கட்டி, அது காய்ந்த பிறகே உள்ளே நிரப்புவது. தடித்த பொலித்தீன் பையின் மூலையை ஊசி முனையளவு வெட்டினால் அதுவே குழாய். அவசரப்பட்டுப் பெரிதாக வெட்டிய பிள்ளைக்குக் கோடு வராது, கட்டிதான் விழும்.

நிறத்துக்கு நுவரெலியா பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றை அடுப்பில் சுண்டவைத்துக் கெட்டியாக்கி ஒரு துளி விட்டால் போதும். சுண்டாத சாற்றை விட்டால் ஐசிங் தண்ணீராகிவிடும். தேசிக்காய்ப் புளி இருப்பதால் சிவப்பு மங்காமல் நிற்கும். பச்சைக்குக் கீரைச் சாறு, அதையும் அப்படியே சுண்டவைத்து. இந்தப் பச்சையைத்தான் கொழுந்து வடிவத்துக்குப் பூசுகிறோம்.

படம் வரைவதில் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. சைப்ரஸ் மரம் வரைவார்கள், அது நம் ஊர் மரம்தான், அதன் கிளையைத்தானே நத்தார் மரமாக நடுகிறோம். வெளிச்சக்கூடு வரைவார்கள். பனியை வரைவதும் பொய்யில்லை. தை, மாசியில் நுவரெலியா, அம்பேவெலப் பக்கம் புல்லின் மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். உருளைக்கிழங்கும் தேயிலைத் தளிரும் கருகும். ஒரு பையன் போன தடவை முழு பிஸ்கட்டையும் வெள்ளையாக மூடிவிட்டு, நடுவில் பச்சையாக ஒரு புள்ளி மட்டும் வைத்தான். என்னவென்று கேட்டேன். “பனியில கருகாத தளிரு டீச்சர்” என்றான். அவன் அப்பா மரக்கறித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்.

காய்வது மட்டும் நம் ஊரில் சிரமம். மூடுபனி இறங்கினால் காற்றில் ஈரம் கூடி, ஐசிங் மறுநாள்வரை ஒட்டும். ‘அவன்’ அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பாதி திறந்து, அந்த மிஞ்சிய இளஞ்சூட்டின் முன்னால் தட்டை வைத்தால் தோல் கட்டிவிடும். சூட்டோடு உள்ளே தள்ளினால் ஐசிங் வெடிக்கும், நிறமும் பழுக்கும். முழுதும் காய்ந்த பிறகே தகர டின்னில் அடுக்க வேண்டும். அடியில் துணியில் முடிந்த ஒரு பிடி அரிசி வைத்தால் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஐசிங் பூசாத பிஸ்கட் பதம் போனால் 150 பாகையில் ஐந்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும்.

முட்டை இல்லாத அளவையே நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நத்தார் வருவது மார்கழியில். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் இரவில் கரோல் பாட்டு வரும், விடியற்காலையில் மார்கழி பஜனை வரும். அயலில் பாதி வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் எங்கள் வீட்டுக்குத் தட்டுத் தட்டாக வருகின்றன. நத்தாருக்கு நாங்கள் திருப்பி அனுப்பும் தட்டில் முட்டை இருந்தால் விரத வீட்டுக்காரர் முகம் கோணாமல் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்படி ஆகக் கூடாது. அப்பாவும் பங்களாவுக்கு ஒரு மாதிரி, லயத்துக்கு ஒரு மாதிரி என்று சுடவில்லை. பஜனைப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது இஞ்சி பிஸ்கட்டும் சூடான வெறுந்தேத்தண்ணியும் கொடுப்போம். எந்தச் சாமியும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

சிலர் கேட்கிறார்கள், கடையில் டின்னோடு கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று. அந்த நீல டின் பிஸ்கட்டின் விலையைப் பாருங்கள், பிறகு நான் சொன்ன அளவுக்குக் கணக்குப் போடுங்கள். பட்டர் விலை கூடத்தான், மறுக்கவில்லை. பாதிக்குப் பாதி மாஜரின் சேர்த்தும் செய்யலாம், ஆனால் முழுக்க மாஜரின் என்றால் இந்தப் பிஸ்கட்டில் சொல்ல ஒன்றும் இருக்காது. அதற்கு அளவைப் பாதியாக்கிப் பட்டரிலேயே செய்வது மேல். கஷ்ட காலம் நமக்குப் புதிதில்லை. 1973, 74-இல் மாவும் சீனியும் கண்ணில் படாத காலத்தில் அப்பா குரக்கன் மாவில் கருப்பட்டி சீவிப்போட்டு, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, அதே நட்சத்திர அச்சில் வெட்டினார். 2022-இல் காஸும் மாவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது நான் அந்தக் குரக்கன் அளவைத்தான் தேடி எடுத்தேன். விறகில், மணல் சட்டியில் சுட்டேன். பிள்ளைகள் மிச்சம் வைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. வரும் டிசம்பரில் நத்தார்ப் பக்கத்தை மலைநாட்டு வீடுகளுக்குத் திறந்துவிடுங்கள். பங்களாக் குசினியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஹட்டனில், தலவாக்கலையில், பண்டாரவளையில், பொகவந்தலாவையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அப்பா என்ன சுட்டார், தாத்தா என்ன சுட்டார், எந்த அடுப்பில், எந்த அச்சில் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்களால் எழுத முடியாவிட்டால், மனைப்பொருளியல் படிக்கும் மாணவிகள் போய்க் கேட்டு எழுதட்டும். என் பழைய பாடசாலைப் பிள்ளைகளை அனுப்ப நான் பொறுப்பு. வருகிற குறிப்பை அச்சிடுவதற்கு முன் மலைநாட்டுச் சமையலறை ஒன்றில் ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலையையும் நானும் என்னோடு ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். அளவைக் கிராமில் போடுங்கள், சூட்டைச் செல்சியஸில் போடுங்கள், அவன் இல்லாத வீட்டுக்கு மணல் சட்டி முறையையும் கூடவே போடுங்கள். சுட்டவரின் பெயரையும், அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையும், குடும்பம் சம்மதித்தால், குறிப்பின் மேலேயே போடுங்கள்.

அப்பாவின் இஞ்சி பிஸ்கட், பட்டர் பிஸ்கட், குரக்கன் பிஸ்கட் மூன்றின் அளவையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். கீழ்வரிசைப் பிள்ளை போன வாரம் இஞ்சி பிஸ்கட்டைத் தன் வீட்டு அவனில் சுட்டுப் பார்த்துவிட்டாள். 170-இல் பதினொரு நிமிடம் பிடித்ததாக அந்தத் தாளின் ஓரத்தில் அவளே குறித்திருக்கிறாள். அச்சிடும்போது அந்தக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
டிக்கோயா.